காயில்காரரின் வாலும் என் வயிற்றெரிச்சலும்

சில மனிதர்களை ஆண்டவன் படைப்பதே, பக்கத்தில் நிற்பவன் வயிறெரிந்து சாகட்டும் என்பதற்காகத்தான். திண்டிவனம் காயில்காரர் அப்படிப் படைக்கப்பட்டவர். பக்கத்தில் நின்றவன் நான்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கும். ஆனால் பம்புசெட்டு மோட்டார் புகைந்துபோனால் அதைப் பிரித்துப்போட்டு, கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றித் தருகிறவருக்கு எங்கள் பக்கத்தில் காயில்காரர் என்று ஒரே பெயர்தான். அவர் மனைவியே போனை எடுத்து, “காயில்காரரு வெளிய போயிருக்காருங்க” என்றுதான் சொல்லுவார்.

மோட்டார் விஷயத்தில் எனக்கு அவர்மேல் பொறாமை கிடையாது. சுற்றட்டும், நன்றாகச் சுற்றட்டும். ஆனால் அந்த மனிதர் ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர் ஒன்றும் வைத்திருந்தார். என்னிடமும் ஒன்று இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் விழுப்புரத்தில் பத்திரம் எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டேரிப்பட்டு பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய ஒரு கொல்லையில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். காயில்காரர், நான், மயிலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாபு. பாபுவிடம் இருந்தது ஹெலிகாப்டர் இல்லை, குட்டி விமானம். ஆகவே எங்கள் போட்டியில் அவர் நடுநிலை நாடு.

ஹெலிகாப்டர் சங்கதி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே பெரிய இறக்கை ஒரு பக்கமாகச் சுற்றினால், கீழே இருக்கும் உடம்பு மறுபக்கமாகச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து மூக்கை ஒரே திசையில் நிறுத்துவதற்குத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. உள்ளே ஜைரோ என்று பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். மூக்கு இம்மி திரும்பினாலும் அது கண்டுபிடித்து ஒரு குட்டி மோட்டாருக்கு உத்தரவு போடும். அந்த மோட்டாரின் கை ஒரு கம்பியை இழுக்க, வால் விசிறி நிலைமையைச் சரிசெய்யும். இந்த வேலை சோம்பேறித்தனமாக நடந்தால் மூக்கு கண்ட திசைக்குப் போகும். அளவுக்கு மீறிய சுறுசுறுப்போடு நடந்தால், எஜமானைக் கண்ட நாய் மாதிரி வால் ஆடும்.

என்னுடையது எஜமானைக் கண்ட நாய்.

இத்தனைக்கும் அது வெளிநாட்டுச் சரக்கு. விலையைச் சொல்ல மாட்டேன். இந்தப் பத்திரிகையை என் மனைவியும் படிக்கிறாள். காயில்காரருடையதோ அங்கே இங்கே பொறுக்கிய உறுப்புகளால் ஆனது. வால் குழாய், பழைய டிவி ஆண்டெனாவில் அறுத்தது. மூக்குக் கூடு, தண்ணீர் கேனில் வெட்டியது. ஆனால் மேலே போய்விட்டால், ஆணியடித்து மாட்டிய சாமி படம் மாதிரி நிற்கும். காற்று வந்தால் பக்கத்துப் பனைமரம் ஆடும், பாபுவின் வேட்டி ஆடும், அது ஆடாது. வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை என்று நாள் முழுக்க நாலு எல்லையும் பிசகாமல் எழுதுகிறவன் நான். ஒரு சாண் வாலை ஒரு திசையில் நிறுத்தத் தெரியவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

காயில்காரர் தன் ஹெலிகாப்டரை ‘அது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை என்பார். “மாப்ள இன்னிக்கி நல்லா எழுந்தாரு”, “மாப்ளைக்கி வெயில் ஆவாது, துணி போத்துங்க.” மாப்பிள்ளை மொபெட்டின் பின் சீட்டில், மெத்தை விரித்து, கயிறு கட்டி உட்கார்ந்து வருவார். பின் சீட்டு இப்படி நிரந்தரமாக நிரம்பிவிட்டதால் காயில்காரரின் மனைவி வானூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு எப்போதும் பஸ்ஸில்தான் போவார்.

ஒருநாள் கூட்டு ரோட்டில் போலீஸ்காரர் வண்டியை மறித்தார்.

“ஹெல்மெட் எங்கய்யா?”

“போட்டிருக்குதுங்க சார்.”

“எங்க?”

காயில்காரர் பின்னால் கையைக் காட்டினார். தலைக்கவசம் மாப்பிள்ளையின் மூக்கில் கவிழ்ந்திருந்தது.

“உன் தலைக்கு?”

“என் தலை அடிபட்டா ஆஸ்பத்திரியில தெச்சிடுவாங்க சார். இவரு மூக்கு ஒடைஞ்சா நான் இன்னொரு கேனுக்கு எங்க போறது?”

போலீஸ்காரர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாராம். அபராதம் போட்டுவிட்டுத்தான் சிரித்தாராம்.

ஆட்டம் என்பதே அவருக்கு ஆகாது. டீக்கடை பெஞ்சு ஆடினால், பேப்பர் மடித்துக் காலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்குவார். ஒரு கல்யாணத்தில் பரிசு கொடுக்க மேடைக்குப் போனவர், பெண்ணையும் பிள்ளையையும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆடி ஆடிச் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனையே பார்த்தார். “புஷ்ஷு போயிடுச்சிப்பா இதுல” என்று அங்கேயே குனிந்து அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் நாலு பக்கத்துக்கு மணமக்களுக்கு நடுவில் காயில்காரரின் பின்புறம் இருக்கிறது.

பறக்கவிடுமுன் ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையை இரு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, வாலையே உற்றுப் பார்த்தபடி, இடமும் வலமுமாக உடம்பைத் திருப்பித் திருப்பி ஆடுவார். “மூக்கை இந்தப் பக்கம் திருப்பினா, வாலு அந்தப் பக்கம் மல்லுக்கட்டணும் ரைட்டரே. கட்டலைன்னு வெச்சிக்கோங்க, எடுத்த எடுப்புல பம்பரம்தான்.” ஒருமுறை கடைக்குள்ளேயே இதைச் செய்துகொண்டிருந்தபோது மிக்ஸி ரிப்பேருக்கு வந்த ஓர் அம்மா, வாசலிலேயே மிக்ஸியை வைத்துவிட்டு, அடுத்த தெருவில் வேப்பிலை அடிப்பவரைக் கூட்டிவரப் போய்விட்டாராம்.

இதையெல்லாம் நினைத்துச் சிரிக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை மேலே போய் ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவார். என் சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

என் வைத்தியமுறை வேறு. எண்பத்து நாலு பக்க விளக்கப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரிமோட்டில் ஜைரோவின் வேகத்தை எண் எண்ணாக மாற்றுவேன்.

“இன்னா ரைட்டரே, இன்னிக்கி எத்தினி?”

“எண்பது வெச்சேன், ஆடுச்சி. அறுபது வெச்சேன், ஆடுச்சி. நாற்பது வெச்சா மூக்கு மேல்சித்தாமூர் பக்கம் திரும்பிக்குதுண்ணே.”

“நம்பரையே நோண்டிக்கினு இருந்தா இன்னா ஆவும்? வாலுக் கம்பிய மொதல்ல கையால தள்ளிப் பாருங்க. கைக்கு இடிச்சா காத்துக்கும் இடிக்கும். அப்பறம் அந்தக் குட்டி மோட்டார் கையில கம்பி மாட்டியிருக்குதே, அது ரொம்ப வெளிய கீது. ஒரு நூல் உள்ள வாங்குங்க.”

ஒரு நூல் என்பது பட்டறைக் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குட்டி மோட்டாரின் கையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் ஏறக்குறைய ஒரு நூல். கம்பியை வெளித்துளையில் மாட்டினால் வால் எகிறும். உள்துளையில் மாட்டினால் அடங்கும்.

“குடுங்க, அஞ்சி நிமிசத்துல வெச்சித் தர்றேன்” என்று அவர் கேட்காத ஞாயிறு கிடையாது. “வேணாம்ண்ணே, புத்தகத்துல முப்பதாம் பக்கத்துலதான் இருக்கேன்” என்று நான் மறுக்காத ஞாயிறும் கிடையாது. அவர் கையால் என் வால் நின்றால், அது அவர் வால்தானே?

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். எந்தத் திருகைத் திருகி முடித்தாலும் அதன் தலையில் மனைவியின் நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்துவிடுவார். திருகு அதிர்ச்சியில் கழலாது. யாராவது கை வைத்தால் பொட்டு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ராணி கலர். மாப்பிள்ளையின் உடம்பில் முப்பது நாற்பது பொட்டு இருக்கும். அந்த அம்மாவின் விரலில் ஒன்றுகூட இருக்காது.

இப்போது என் மனைவி வருகிறாள். திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள். ஒருமுறை கொல்லைக்கு வந்து இரண்டு ஹெலிகாப்டரையும் பார்த்துவிட்டு, “அவருது எவ்ளோ அமைதியா நிக்குது. உங்களுதுக்கு மந்திரிச்சிக் கயிறு கட்டலாமாங்க?” என்று கேட்டவள். ஒரு வியாழக்கிழமை தோசையைத் தட்டில் போட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

“ஸ்போர்ட்ஸ் டேக்கு உங்க வீட்டுக்காரரு ஹெலிகாப்டர் விடுவாரான்னு எச்.எம். கேட்டாங்க.”

தோசை அப்படியே நின்றது. “நீ இன்னா சொன்ன?”

“விடுவாரு மேடம், ஆனா ஒழுங்கா விடுறவரு இன்னொருத்தரு இருக்காருன்னு சொன்னேன்.”

“அடிப்பாவி!”

“ஒருத்தருக்குத்தான் நேரம் இருக்காம். ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். யாருது ஒரு நிமிஷம் ஆடாம நிக்குதோ அவங்க விடட்டும்.”

“கட்டின புருஷனுக்குக் கிரேஸ் மார்க்கு எதுவும் கிடையாதா?”

“கணக்கு டீச்சர்கிட்டயா கேக்குறீங்க?”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயிரம் பிள்ளைகள், மைக், கைதட்டல் எல்லாம் கிடக்கட்டும். என் மனைவி கையில் கெடிகாரத்தை வைத்துக்கொண்டு என் வாலையும் இன்னொருத்தர் வாலையும் ஒப்பிட்டு மார்க் போடப்போகிறாள். மானப்பிரச்சினை என்றால் இதுதான்.

ஞாயிறு வந்தது. கொல்லைக்குப் போய் இறங்கியதும் மனைவி டீ கேட்டாள். நானும் அவளும் ரோட்டோரக் கடைக்குப் போய் வந்தோம். காயில்காரர்தான் இரண்டு மெஷினுக்கும் காவல் இருந்தார். நாங்கள் திரும்பியதும் அவர் எழுந்தார்.

“நான் போய் ஒரு டீ அடிச்சிட்டு வர்றேன். ரைட்டரே, மாப்ளயப் பாத்துக்கோங்க.”

மனைவி பாபுவின் விமானத்தை வேடிக்கை பார்க்கப் போனாள். நானும் மாப்பிள்ளையும் தனித்து விடப்பட்டோம்.

நான் யோக்கியன்தான். ஒரு சென்ட் நிலத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. மாப்பிள்ளையின் குட்டி மோட்டார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. என்ன பெரிய பாவம், ஒரே ஒரு நூல்தானே என்று உள்ளிருந்து ஒரு குரல். ராணி கலர் பொட்டு பட்டென்று விரிந்தது. கம்பியை உள்துளையிலிருந்து கழற்றி வெளித்துளையில் மாட்டினேன். அவசரத்தில் திருகு இரண்டு முறை மண்ணில் விழுந்தது. மாட்டி முடித்து நிமிர்ந்தேன். புதிய பொட்டு வைக்க என்னிடம் நகப்பாலிஷ் இல்லை.

டீ குடித்துவிட்டுக் காயில்காரர் திரும்பினார். வழக்கமாக ஒவ்வொரு பொட்டையும் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். அன்று பார்க்கவில்லை. “ரைட்டரு பக்கத்துலதான இருந்தாரு” என்று பாபுவிடம் சொல்லிவிட்டு, சடங்கு ஆட்டத்தை மட்டும் ஆடினார். வால் மல்லுக்கட்டும் திசை சரியாகத்தான் இருந்தது. நான் கெடுத்தது அளவை.

மாப்பிள்ளை எழுந்தார். ஆள் உயரம் போனார். உடனே வால் ஆடத் தொடங்கியது பாருங்கள், என் நாய்கூட அப்படி ஆடியதில்லை. டரடரவென்று ஒரு சத்தம். ஆண்டெனாக் குழாய் கழன்றுவிடும் போலிருந்தது. காயில்காரரின் வாயிலிருந்து “மாப்ள, மாப்ள” என்று மட்டும் வந்தது. மனைவி கெடிகாரத்தை இறக்கிவிட்டாள்.

அவர் பதறாமல் கீழே இறக்கி, இறக்கை நின்றதும் மண்டியிட்டு உட்கார்ந்தார். வாலைத் தள்ளிப் பார்த்தார். குட்டி மோட்டாரைப் பார்த்தார். விரிந்த பொட்டை விரலால் ஒருமுறை தடவினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“வெயில்ல எதுவோ எளகிடுச்சி போல டீச்சர். இன்னிக்கி மாப்ளைக்கி மூடு சரியில்ல. ரைட்டரத வுடச் சொல்லுங்க.”

விட்டேன். தூக்கில் தொங்கப்போகிறவன் ஏணி ஏறுகிற மாதிரி என் கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியைத் தள்ளியது. என் மெஷின் எழுந்தது. எழுந்து, நின்றது. மூக்கு வடக்கே பார்த்தது, பார்த்தபடியே இருந்தது. காற்று வந்தது, போனது. பத்து விநாடி, இருபது விநாடி.

“ஏங்க! நிக்குதுங்க!” என்று மனைவி கத்தினாள்.

அவளைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. நிமிடம் முடிந்ததும் மனைவி கைதட்ட, பாபு விசிலடித்தார். இறக்கி வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றும் சாக்கில் குனிந்து வால் பக்கம் விரலை வைத்தேன். விரல் ஒட்டியது. குட்டி மோட்டாரின் கையில், உள்துளையில், இன்னும் சரியாகக் காயாத ஒரு ராணி கலர் பொட்டு.

என் வாழ்க்கையில் பல தடவை அசிங்கப்பட்டிருக்கிறேன். ஆனால் மல்லாட்டைக் கொல்லையில் மண்டியிட்டபடி அசிங்கப்பட்டது அதுவே முதல் தடவை.

“எப்பண்ணே?” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“நீங்க டீச்சருக்கு டீ வாங்கப் போனீங்களே, அப்பதான். ஒரு நூல் உள்ள வாங்கிட்டு, கம்பி இடிச்ச எடத்துல லேசா அரம் போட்டேன். கட்டின பொண்டாட்டி எதிர்ல ஒருத்தருக்கு வாலு ஆடினா நல்லாவா இருக்கும்?” மாப்பிள்ளைக்குத் துணியைப் போர்த்திக்கொண்டே சொன்னார். “ஒரு நூல் வெளிய தள்ளினா எப்டி ஆடும்னு எனக்கும் ரொம்ப நாளா பாக்கணும்னு இருந்துச்சி. பாத்தாச்சி.”

நான் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் மனைவி புகழ்ந்துகொண்டே வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. அதற்காகத்தானே அத்தனை அயோக்கியத்தனமும் செய்தேன்? ஆனால் ஒவ்வொரு பாராட்டும் வேட்டிக்குள் புகுந்த எறும்பு மாதிரி கடித்தது. மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து பிழைதிருத்தல் பத்திரம் எழுதினேன்.

“மேற்படி மாப்பிள்ளையின் வால்மோட்டார்க் கையில், உள்துளையில் இருந்த கம்பியை, உடையவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, ஒரு நூல் வெளித்துளைக்கு எழுதிக்கொடுப்பவன் பொறாமையின்பேரில் கள்ளத்தனமாக மாற்றிவிட்டபடியாலும், எழுதிக்கொடுப்பவனுடைய வால் நின்றது எழுதிவாங்குபவருடைய கைத்திறமையாலேயே என்பதாலும், மேற்படி பள்ளி விழாவில் பறக்கவிடும் உரிமை எழுதிவாங்குபவரையே சேர்ந்தது. இதில் எழுதிக்கொடுப்பவனுக்கோ அவன் வாரிசுகளுக்கோ எவ்வித ஆட்சேபணையும் இல்லை.”

சாட்சிக் கையெழுத்துக்கு மனைவியிடம் நீட்டினேன். கடைசி வரி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்கு அன்னைக்கே சந்தேகம்தாங்க.”

“எப்படி?”

“உங்களுது நின்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். ஜெயிச்சவன் மூஞ்சியா அது? பிட் அடிச்சி நூத்துக்கு நூறு வாங்கின பையன் மூஞ்சி.”

“அப்புறம் ஏன் வழியெல்லாம் புகழ்ந்த?”

“எத்தினி நாள் தாங்குறீங்கன்னு பாத்தேன்.” கையெழுத்துப் போட்டாள். கீழே சிவப்பு மையில் ஓர் எழுத்துப் பிழையையும் திருத்தினாள்.

அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். காயில்காரர் மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, உதடு அசைய முழுவதும் படித்தார்.

“ஸ்டாம்பு ஒட்டலியே ரைட்டரே?”

“அண்ணே...”

“சரி வுடுங்க, வர்றேன். ஆனா கூட்டம்னா எனக்கு பேஜாரு. மாப்ளயத் தூக்கிக்கினு நீங்க முன்னாடி நடக்கணும். நடுவுல வெச்சிட்டு என் பக்கத்துல வந்து நின்னுடணும்.”

அப்படியே நடந்தது. விளையாட்டு விழாவில் ஆயிரம் பிள்ளைகள் பார்க்க, காலியான மைதானத்தின் நடுவில் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். காயில்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மாப்பிள்ளை எழுந்தார், கொடிக்கம்ப உயரத்தில் போய், ஆணியடித்த மாதிரி நின்றார். மேலே கொடி படபடத்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மைக் பிடித்தவர் பேசியது எதுவும் கேட்கவில்லை. என் மனைவி, கணக்கு டீச்சர் என்பதையும் மறந்து, எம்பி எம்பிக் குதித்துக் கைதட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே எரிந்தது. பத்திரம் எழுதிக்கொடுத்தால் உரிமைதான் போகும், எரிச்சலா போகும்?

அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, கொட்டாவி விட்டபடி சொன்னார்: “இதுல இன்னாங்க கீது? என் மச்சான் ட்ரோன் வெச்சிருக்கான். பட்டனை அமுக்கிட்டு அவன் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிடுவான். அது தானா நிக்கும்.”

நான் திரும்பினேன்.

“தானா நிக்குதா? அது பட்டன்ல நிக்குதுய்யா, இது ஒரு ஆளு கையில நிக்குது! ஒரு நூல் இந்தப் பக்கம் போனா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு? எனக்குத் தெரியும்! ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க உக்காருவாரு அந்த மனுஷன். உன் மச்சான் உக்காருவானா? கூட்டிக்கினு வா அவன!”

என் குரல் எனக்கே தெரியாமல் ஏறியிருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகளெல்லாம் ஹெலிகாப்டரை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க, பேரண்டுங்க அவரு, விடுங்க, எச்.எம். பாக்குறாங்க!”

விட்டேன். ஆனால் அடங்க ரொம்ப நேரமாயிற்று. என் சொந்த ஹெலிகாப்டருக்காக நான் யாரிடமும் ஒருநாளும் அப்படிச் சண்டைக்குப் போனதில்லை.